கமரா நிற்கும் பக்கம்: திரைப்பட உத்தியும் தமிழ் விமரிசகரும்

தமிழ்ச் சஞ்சிகைகளிலும் பல்கலைக்கழக மலர்களிலும் வெளிவரும் திரைப்பட விமரிசனங்களைத் தொடர்ந்து வாசித்துவருவோர் அவற்றின் அமைப்பை எளிதிற் கண்டுகொள்வர். முதலிற் கதைச் சுருக்கம். அடுத்து அக்கதையின் சமூக நோக்குப் பற்றிய தீர்ப்பு. அதன்பின் நடிகருக்குச் சில பாராட்டுக்கள். இறுதியில், தாளில் இடம் மீந்திருப்பின், 'ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி; படத்தொகுப்பு விறுவிறுப்பு' என ஒரு வரி. நாவலொன்றை விமரிசிப்பவர் அதன் மொழிநடையைப் பற்றி யாதுங் கூறாது, 'அச்சும் அட்டையும் நன்று' என முடிப்பாராயின் அவரை எவரும் விமரிசகராக ஏற்கமாட்டார். திரைப்படத்தைப் பற்றி எழுதுவோருக்கு மாத்திரம் இச்சலுகை நெடுங்காலமாக வழங்கப்பட்டு வருகின்றது.

இதன் அடியில் ஒரு நம்பிக்கை உண்டு. படத்தின் கருத்து கதையிலும் வசனத்திலுமே தங்கியுள்ளது. கமராவின் நிலை, ஒளி, வெட்டு, ஒலி என்பன அக்கருத்தைப் பொதிந்து தரும் உறை மாத்திரமே என்பது அந்நம்பிக்கை. வணிகப் படங்களின் இரசிகர் இவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரும் அவ்வாறே எண்ணுவதுதான் வருந்தத்தக்கது. கதை உழைப்பாளியின் பக்கம் நின்றால் படமும் அவன் பக்கம் நிற்கின்றது என இவர்கள் தீர்ப்பளித்துவிடுகின்றனர். உத்தியைப் பற்றிப் பேச முனைவோரை 'உருவவாதிகள்' என ஒதுக்கிவிடுவதும் இவர்களது வழக்கம்.

1920ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் லெவ் குலெஷோவ் ரஷ்யாவிற் செய்த பரிசோதனை திரைப்படம் பயில்வோர் பலரும் அறிந்ததே. மொஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சி ஏதும் வெளிப்படாத முகம், அண்மைக் காட்சியாக, ஒருமுறை சூப்புக் கோப்பையுடனும், ஒருமுறை பிரேதப் பெட்டியுடனும், ஒருமுறை விளையாடும் சிறுமியுடனும் இணைத்து ஒட்டப்பட்டது. பார்த்தோர் அந்த ஒரே முகத்திற் சிந்தனையையும் துயரையும் மகிழ்ச்சியையும் கண்டு நடிகரின் திறனை மெச்சினர் என்று, அப்பணியில் உடனிருந்த புடோவ்கின் எழுதியுள்ளார். முகத்தில் இல்லாத ஒன்றை அருகில் ஒட்டப்பட்ட துண்டு அங்கு கொண்டுவந்து வைத்தது. எழுதப்பட்ட கதையில் அதனைத் தேடுபவர் எங்ஙனம் காண்பார்?

பரிசோதனையை விட்டுத் திரையரங்குக்குட் புகுந்தால் விடயம் பாரதூரமாகின்றது. அமெரிக்க நெறியாளர் கிரிஃபித் 1915இல் வெளியிட்ட 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் படத்தின் உச்சக்கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். சிறு மரவீடொன்றினுள் வெள்ளையினத்தவர் சிலர் அடைபட்டிருக்கின்றனர். வெளியே கறுப்பினப் படையினர் கதவை உடைக்கின்றனர். தொலைவில் வெள்ளை அங்கி தரித்த கு கிளக்ஸ் கிளான் குதிரைவீரர் விரைந்து வருகின்றனர். கிரிஃபித் இவற்றை மாறிமாறி வெட்டிக் காட்டுகின்றார். குதிரைகள் விரைவில் வந்துசேர வேண்டுமெனப் பார்வையாளரின் உடலே விரும்பத் தொடங்கிவிடுகின்றது. இனவாதத்தை மனதார வெறுப்பவரும் கதிரையின் நுனிக்கு வந்து, ஒரு கொலைக் கும்பலின் வருகைக்காக ஏங்குகின்றார். இவ்வேக்கத்தை உண்டாக்க ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. அது பேசாப் படம். அழிந்துபோயிருந்த கிளான் அமைப்பு அதே 1915இல் மீண்டும் நிறுவப்பட்டதும், பின்னர் ஆட்சேர்ப்புக்கு அப்படத்தைப் பயன்படுத்தியதும் வரலாறு.

ஐசன்ஸ்டீனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) படத்தின் ஒடெசாப் படிக்கட்டுக் காட்சியை இதனருகே வைத்து நோக்குதல் பயனுடையது. அங்கும் வெட்டே ஆயுதம். சில நிமிடங்களில் இறங்கி முடிக்கக்கூடிய படிகள் முடிவின்றி நீள்கின்றன. இரு படங்களிலும் முகம் யாருக்குக் கொடுக்கப்படுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். கிரிஃபித்தின் படத்தில் அண்மைக் காட்சியின் பரிவு அடைபட்டிருக்கும் வெள்ளையருக்கே உரியது. கதவுக்கு வெளியே நிற்போர் திரளாகவே உள்ளனர். (முக்கிய கறுப்பினப் பாத்திரங்களை முகத்திற் கரிபூசிய வெள்ளை நடிகரே ஏற்றனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.) ஐசன்ஸ்டீனின் படையினரோ சப்பாத்துக்களும் துப்பாக்கி முனைகளும் நீண்ட நிழல்களுமாக வரிசையாக இறங்குகின்றனர். முகங்கள் மக்களுக்கு உண்டு: இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு படைக்கு எதிரே ஏறிச்செல்லும் தாய், குழந்தை வண்டியைக் காக்க நிற்கும் இளம்பெண், கண்ணாடி அணிந்த மூதாட்டி.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். ஒரே உத்தி இரு எதிர்த்தரப்புக்கும் பயன்படுமாயின் உத்தி நடுநிலையானது என்றுதானே ஆகும்? கத்தி வைத்தியரிடமும் உண்டு, கள்வனிடமும் உண்டு என்பர். உவமை பிழையானது. வெட்டு என்பதைப் பொதுவாகப் பெயர் சொல்லி அழைக்கும்போது மாத்திரமே அது நடுநிலையாகத் தோன்றும். திரையில் வரும் எந்த வெட்டும் குறித்த ஒரு முகத்திலிருந்து குறித்த இன்னொன்றுக்குச் செல்வது. எவருக்கு அண்மைக் காட்சி, எவரைத் தாழ்வான கோணத்தில் நின்று நிமிர்ந்து பார்ப்பது, எவரைக் குனிந்து பார்ப்பது, எவருடைய வேதனையில் எத்தனை கணம் தரித்து நிற்பது என்று தீர்மானித்த பின்னரே காட்சி பிறக்கின்றது. அத்தீர்மானங்களின் தொகையே படத்தின் கருத்துநிலை.

தமிழ்ச் சினிமா நாடக மேடையிலிருந்து வசனத்தைச் சீதனமாகப் பெற்றுவந்தது. 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சி அதன் சிகரம். அதன் அரசியல் முக்கியத்துவத்தை எவரும் மறுக்க இயலாது. எனினும் அக்காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர் இழப்பது அதிகமில்லை. இப்படிப்பட்ட படங்களாற் பழக்கப்பட்ட விமரிசகர் காதாற் படம் பார்க்கும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. அதன் விளைவைப் பலாத்காரக் காட்சிகளிற் காணலாம். 1970களிலும் 1980களிலும் தென்னிந்திய வணிகப் படங்களில் இக்காட்சி ஏறக்குறைய ஒரு மரபாகவே இருந்தது. வசனம் வில்லனைச் சபிக்கும். தமையன் பழிவாங்கச் சூளுரைப்பான். தெய்வச் சிலையின் முன் மணி அடிக்கும். கமரா எங்கே நின்றது? பெரும்பாலும் வில்லனின் தோளருகே. விலகிய சேலையையும் காலையும் இடையையும் அது துண்டு துண்டாகப் பொறுக்கிக் காட்டும். அப்பெண்ணின் கண் எதைக் கண்டது என்பதற்கு ஒரு துண்டுகூட இராது. கதையை மாத்திரம் வாசிக்கும் விமரிசகர் 'பெண்ணுக்கு இழைக்கப்படும் கொடுமையைச் சாடும் படம்' என எழுதிச் செல்வார். அரங்கில் எழுந்த சீழ்க்கை அவரைவிடச் சரியாகப் படத்தை வாசித்தது.

ஒலியும் இவ்வாறே. துயரம் என்றால் வாய்விட்டுக் கதறலும் நெடிய வசனமும் என்பது பழகிப்போன வாய்ப்பாடு. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) நெடுநாட் கழித்து வீடு திரும்பும் தந்தை தான் வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகின்றார். மகள் துர்க்காவுக்கென வாங்கிய சேலையும் அவற்றுள் ஒன்று. துர்க்கா இறந்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. தாயின் அழுகை உடைகின்றது. அவளது குரல் கேட்பதில்லை. அவ்விடத்தில் ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் உச்சத்தில் ஒலிக்கின்றது. அக்கதறலைக் கேட்கும் வேலை பார்வையாளரிடம் விடப்படுகின்றது. இதனைக் 'கதை'யிற் சேர்ப்பதா, 'உத்தி'யிற் சேர்ப்பதா? பிரித்துக் காட்டக்கூடியவர் எவரேனும் இருந்தாற் காட்டட்டும்.

பாமரருக்கு உத்தி விளங்காது, ஆதலால் அதைப் பேசுவது மேட்டிமைத்தனம் என்ற வாதமும் உண்டு. இலக்கணத்தின் பெயர் அறியாதவரும் மொழியைப் பேசுகின்றனர். அம்மொழியில் ஏமாற்றவும் படுகின்றனர். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலையொன்றை நுகர்ந்த முதல் இடம் திரையரங்கே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டியுள்ளார். அத்துணை பெரிய மக்கட்கூட்டத்தின் மீது தொழிற்படும் மொழியை ஆராயாது விடுவதே மேட்டிமைத்தனம். யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்த தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு 1977இல் 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். சீதனமும் சாதியும் பிடித்து வைத்திருக்கும் வாழ்வை வசனத்தால் முழங்காது காட்சியாற் கூற முனைந்த அப்படம் வணிக வெற்றி பெறவில்லை. காட்சியை வாசிக்கப் பழக்கும் விமரிசன மரபொன்று அன்று இருந்திருப்பின் அதன் கதி சற்று வேறாயிருக்கலாம்.

2009 ஏப்ரலில், வன்னிப் போரின் இறுதிக் கட்டத்தில், ஆளில்லா விமானத்திலிருந்து பிடிக்கப்பட்ட படங்கள் இலங்கை அரச தரப்பினால் ஊடகங்களுக்கு வெளியிடப்பட்டன. மண் அணையைக் கடந்து மக்கள் வெளியேறும் காட்சி அவற்றில் இருந்தது. மக்கள் புள்ளிகளாகத் தெரிந்தனர். குழந்தையைச் சுமந்தவர் யார், காயப்பட்டவர் யார் என்பது அவ்வுயரத்திலிருந்து தெரியாது. ஒடெசாவிற் படையினருக்கு மறுக்கப்பட்ட முகம் இங்கு மக்களுக்கு இல்லாமற் போயிற்று. படம் பொய்யன்று, உயரமே அதன் கூற்று.

இன்று அதே வடக்கில் இளைஞர் எடுக்கும் குறும்படங்கள் பல, பனந்தோப்பின் மேலாக ட்ரோன் ஒன்று மிதந்து செல்லும் காட்சியுடன் தொடங்குகின்றன. காட்சி அழகாகத்தான் இருக்கின்றது. ஆயின் அப்பார்வை எவருடையது? அந்நிலத்தில் ஒரு தலைமுறை வானத்தைப் பார்த்தது பதுங்குகுழியின் வாயிலிலிருந்து. மேலிருந்து பார்த்தவர் வேறு. எடுத்த இளைஞரிடம் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. திரையிடல் முடிந்து விளக்குகள் எரிந்ததும், வந்திருக்கும் விரிவுரையாளரும் மாணவரும் ஒரு மணிநேரம் கதையைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைகின்றனர்.