வாங்க ஒரு படி, விற்க ஒரு படி

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என் மளிகைக் கடையின் மாடியில் ஓர் அரசியல் கட்சியின் வட்ட அலுவலகம் இருந்தது. அப்போது அந்தக் கட்சி ஆட்சியில் இல்லை. ஒருநாள் மஃப்டியில் ஒருவர் வந்து, சர்பத் வாங்கிக் குடித்துவிட்டு, "மாடிக்கு யார் யார் வருகிறார்கள் அண்ணாச்சி, வெளியூர் வண்டி ஏதும் நிற்கிறதா?" என்று கேட்டார். எந்தத் துறை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கட்சியைக் கண்டாலே ஆகாது. கேட்டதற்கு மேலாகவே சொன்னேன். சர்பத்துக்குக் காசும் வாங்கவில்லை.

பிறகு ஆட்சி மாறியது. மாடியில் இருந்தவர்கள் ஆளுங்கட்சி ஆனார்கள். ஒரு கடையடைப்புக்கு முதல்நாள் இரவு நான் யார் யாரோடு, எத்தனை மணிக்குப் போனில் பேசினேன் என்று மறுநாள் காலை ஒருவர் வந்து என்னிடமே ஒப்பித்தார். அடிவயிறு கலங்கிவிட்டது. மாடியேறி வட்டச் செயலாளரிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார். "அன்றைக்கு எங்களைப் பற்றிச் சொல்லிச் சர்பத்தும் கொடுத்தது நீங்கள்தானே அண்ணாச்சி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இத்தனை காலம் வெளியில் சொல்லாத இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம், நம் உறுப்பினர்கள் சிலர் கூடிப் பேசுகையில் காதில் விழுந்த பேச்சுதான். தமக்குப் பிடித்த கட்சி ஒட்டுக்கேட்டால் அது தேசப் பாதுகாப்பு, பிடிக்காத கட்சி ஒட்டுக்கேட்டால் அது சர்வாதிகாரம்! கட்சித் தலைவர்கள் இப்படிப் பேசினால் அவர்கள் பிழைப்பு அது. நமக்கு என்ன வந்தது?

டெலிபோன் ஒட்டுக்கேட்பு அதிகாரம் வெள்ளைக்காரன் 1885-ல் போட்ட தந்திச் சட்டத்தில் இருந்தது. சுதந்திரம் வந்து எத்தனையோ கட்சிகள் ஆண்டும் அந்தப் பிரிவை எடுத்தெறிய ஒருவருக்கும் மனம் வரவில்லை. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதும் அந்த அதிகாரம் பத்திரமாகக் கூடவே வந்து சேர்ந்தது. பழைய சரக்கு, புதுச் சாக்கு.

கர்நாடக முதல்வராக இருந்த ராமகிருஷ்ண ஹெக்டே நெருக்கடி நிலைக் காலத்தில் சிறை சென்றவர். மதிப்புள்ள அரசியல் என்று மேடைதோறும் பேசியவர். அவருடைய ஆட்சியிலேயே அரசியல்வாதிகள், பிரமுகர்கள் பலரின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன என்ற புகார் கிளம்பி, 1988 ஆகஸ்டில் பதவி விலக நேர்ந்தது. விலகினாரே, அதையாவது பாராட்ட வேண்டும். அதற்குப் பிறகு இந்தக் காரணத்துக்காக நாற்காலியை விட்டு இறங்கிய முதல்வர் எவரும் என் நினைவில் இல்லை.

காங்கிரஸ் கதை இதைவிட ருசிகரமானது. 1986-ல் ராஜீவ் காந்தி அரசு அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. யார் வீட்டுக் கடிதத்தையும் பிரித்துப் படிக்க அரசுக்குப் பரந்த அதிகாரம் தரும் மசோதா. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைத்ததால் அது சட்டமாகவில்லை. ஐந்தே ஆண்டில், 1991 மார்ச்சில், ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் வேவு பார்த்து நின்றார்கள் என்று அதே கட்சி கொந்தளித்தது. ஆதரவு ஆட்டம் கண்டது, பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா செய்தார். நாட்டு மக்கள் அத்தனை பேரின் கடிதத்தையும் பிரிக்கலாம், தலைவர் வீட்டு வாசலில் இரண்டு பேர் நிற்கக் கூடாது! அன்று நின்றுபோன கடிதம் பிரிக்கும் அதிகாரத்தை 2023-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தில் பா.ஜ.க. அரசு சேர்த்துக் கொண்டது.

பா.ஜ.க.வின் அருண் ஜேட்லியும் நெருக்கடி நிலையில் சிறையிலிருந்தவர்தான். 2013-ல் அவர் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது அவருடைய தொலைபேசி அழைப்பு விவரங்களைச் சிலர் முறைகேடாக எடுத்தது வெளிவந்து, டெல்லி போலீஸ்காரர் ஒருவரும் கைதானார். தனிமனிதனின் அந்தரங்க உரிமை பற்றி ஜேட்லி அப்போது கட்டுரையே எழுதினார். மறு ஆண்டு அவர் மந்திரி. 2015-ல் அவர் அங்கம் வகித்த அரசின் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் நின்று, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே அல்ல என்று வாதாடினார். 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அது அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பளித்தார்கள்.

2018 டிசம்பரில் பத்து அரசு அமைப்புகள் கம்ப்யூட்டர் தகவல்களை இடைமறிக்கலாம் என்று உள்துறை உத்தரவு போட்டது. காங்கிரஸ் கொதித்தது. இதற்கான விதிகளை 2009-ல் போட்டதே நீங்கள்தானே என்று ஜேட்லி திருப்பிக் கேட்டார். உண்மைதான். 2008 டிசம்பரில் அந்தச் சட்டத் திருத்தம் மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் மாதம் 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பதிலே சொல்கிறது. 2021-ல் பெகாசஸ் விவகாரம் வெடித்தபோது இந்தக் கணக்கைச் சொல்லி இவர்கள் தப்பித்தார்கள். அவன் கடையில் எடை குறைவு என்பது என் கடை எடைக்குறைவுக்குப் பதிலாகுமா? முத்திரை ஆய்வாளரிடம் நாம் அப்படிச் சொன்னால் விடுவாரா?

தமிழ்நாட்டுக் கட்சிகளும் பாடம் படித்ததுண்டு. மத்தியக் கூட்டணியில் இருந்து பொடா சட்டத்தை ஆதரித்த வைகோ, 2002 ஜூலையில் அதே பொடாவில் கைதாகிப் பத்தொன்பது மாதம் சிறையில் இருந்தார்.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பற்று நோட்டை எடுத்துப் பாருங்கள். எந்த வீட்டில் பத்துக் கிலோ அரிசி ஐந்தானது, யார் வீட்டில் திடீரென்று சர்க்கரை நின்றது, எவர் மூன்று மாதமாகப் பாக்கி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு தெருவின் நோவும் கஷ்டமும் நமக்குத் தெரியும். அவர்கள் யாரும் தப்பு செய்தவர்கள் அல்லர். ஆனாலும் அந்த நோட்டை அடுத்த வீட்டுக்காரர் புரட்ட நாம் விடுவோமா?

இப்போது புரட்டப்படுவது நம் நோட்டும்தான். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவைக் கணக்கெடுத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு வரி நோட்டீஸ் போனது. கைமாற்றுப் பணமும் வீட்டுப் பணமும் விற்பனைக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று வியாபாரிகள் அலறினார்கள். ஸ்கேன் அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். மாநிலத்தை ஆண்ட காங்கிரஸ், ஜி.எஸ்.டி. மத்திய அரசு கொண்டு வந்தது என்றது. பா.ஜ.க., நோட்டீஸ் அனுப்பியது மாநில அரசு என்றது. வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் பணம் வாங்கச் சொல்லிக் கொடுத்த கருவி நம்மைக் கணக்கெடுக்கும் கருவியாகும் என்று முன்கூட்டிச் சொன்னது யார்? புதிய வருமான வரிச் சட்டமோ, சோதனைக்கு வரும் அதிகாரி கடவுச்சொல்லைத் தாண்டி நம் மின்னஞ்சலையும் திறக்க வழி செய்கிறது. 2026 ஏப்ரல் 1 அதற்குக் குறித்த நாள்.

அடுத்த தேர்தலில் வேட்பாளர்கள் கடை கடையாகக் கும்பிட்டு வரும்போது எல்லோரிடமும் ஒரே கேள்வியை நம் சங்கம் கேட்க வேண்டும். நீங்கள் ஆட்சிக்கு வந்தால் ஒட்டுக்கேட்பு உத்தரவை உள்துறைச் செயலாளருக்குப் பதில் ஒரு நீதிபதி பிறப்பிக்கச் சட்டம் கொண்டு வருவீர்களா? 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சில கட்டுப்பாடுகள் விதித்ததே தவிர, உத்தரவிடுவதும் அரசு அதிகாரி, அதை ஆய்வு செய்யும் குழுவும் அரசு அதிகாரிகள் என்றுதான் இருக்கிறது. நமக்குப் பிடித்த வேட்பாளரிடம்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.

சென்ற ஆண்டு என் கடைக்கு மறுபடியும் ஒருவர் வந்தார். வாசல் காமிராவில் பத்து நாள் பதிவு வேண்டும் என்று வாய்மொழியாகக் கேட்டார். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டத்தின் 94-ஆவது பிரிவில் காவல் நிலைய அதிகாரி எழுத்து மூலம் கேட்க வழியிருக்கிறது என்று என் மகன் சொல்லியிருந்தான். "தருகிறேன் ஐயா, ஒரு கடிதம் கொடுங்கள்" என்றேன். முகம் சுளித்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துக் கடிதத்தோடு வந்தார். பக்கத்துத் தெருவில் இருசக்கர வாகனத் திருட்டு. பத்து நாள் கேட்டவர், கடிதத்தில் கேட்டிருந்தது ஒரே ஒரு மாலையின் இரண்டு மணி நேரப் பதிவு. அதை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். கடிதம் கல்லாவில் இருக்கிறது.