வைகறையின் பரக்கத்



கடலூர்த் துறைமுகத்திலும், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையிலும் மீனவர்கள் பொழுது புலருமுன்பே எழுந்துவிடுகின்றனர். 'உறக்கத்தினும் தொழுகை மேலானது' என்னும் பாங்கொலி கேட்டும், நம் இல்லத்துப் பிள்ளைகள் போர்வையை இழுத்து மூடுவதேன்? குறை காலையில் இல்லை. முந்தைய இரவில் இருக்கிறது.

இஷாவுக்கு முன் உறங்குவதையும், பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என புகாரி தெரிவிக்கிறது. இன்று அப்பேச்சின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது.

தம் சமுதாயத்தின் அதிகாலையில் பரக்கத்தை வேண்டி அன்னார் துஆச் செய்தார்கள். அதனை அறிவித்த ஸக்ர் (ரலி) அவர்கள், தம் வணிகச் சரக்கை அதிகாலையிலேயே அனுப்பிச் செல்வந்தரானார்கள் என்கிறது திர்மிதீ.

இன்றிரவே கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். பாங்கு கேட்டதும் விளக்கைப் போட்டு, ஒளுச் செய்யுங்கள். பெற்றோர் முதலில் எழுந்தால், பிள்ளைகளை எழுப்ப அதட்டல் தேவைப்படாது, இன்ஷா அல்லாஹ்!