ஆஸ்பத்திரியில் அசரீரி

சென்ற ஆயுத பூஜையன்று ஒரகடம் நாற்சந்தியை அடுத்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த தோழர் ஒருவரைப் பார்க்க நாம் போயிருந்தோம். வண்டலூர் - வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள்கோயில் - ஸ்ரீபெரும்புதூர் ரோடும் குறுக்கிடும் அந்த இடத்தில், அன்று லாரிச் சக்கரம் ஒவ்வொன்றின் அடியிலும் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. நடு ரோட்டில் உடைத்த பூசணிக்காயில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வழுக்கி விழுந்து, தமக்குத் திருஷ்டி கழிந்ததா வந்ததா என்று தெரியாமல் முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்து போனார். இது வருஷா வருஷம் நடக்கும் கூத்து. இதைப்பற்றி எழுத நாம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குள் எக்ஸ்ரே அறையிலிருந்த கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பூச்சரம் சுற்றி, சூடம் காட்டியிருந்தார்களே, அதைப்பற்றியே எழுத வந்தோம். ஏனெனில் பொட்டு வைத்தவர்கள் பொட்டோடு நிற்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் சொல்வதை அருள்வாக்காகவே எடுத்துக்கொண்டு, ஒரு வாலிபனுடைய பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கின்றார்கள்.

சங்கதி இதுதான். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்து வாலிபர் ஒருவர், ஐ.டி.ஐ. படித்தவர், ஒரு காண்டிராக்டர் மூலம் தொழிற்சாலை வேலைக்கு வந்தார். வேலைக்குமுன் வைத்தியப் பரிசோதனை செய்யவேண்டுமென்று அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். செயற்கை நுண்ணறிவு என்றும் ஏ.ஐ. என்றும் இப்பொழுது எங்கு பார்த்தாலும் பேசப்படுகின்றதே, அந்தக் கணக்கு யந்திரம் படத்தைப் பார்த்து, வலது நுரையீரலின் மேல்பாகத்தில் சிவப்பு வட்டமிட்டு ஒரு எண்ணையும் போட்டது. அவ்வளவுதான். சீட்டில் "தகுதியில்லை" என்று அச்சாகி வந்துவிட்டது. அந்த வாலிபருக்கு மூன்று வருஷத்துக்குமுன் காசநோய் இருந்தது உண்மை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் இலவச மருந்து தின்று குணமானதும் உண்மை. குணமானதற்கான சீட்டைக் காட்டினார். மேஜையில் இருந்தவர், "சிஸ்டம் ஏற்காது, தம்பி" என்றார். எந்த டாக்டரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகில் குழாய் வைத்துக் கேட்கவில்லை, சளியைச் சோதிக்கவில்லை.

காரணம் கேட்டதற்குக் கிடைத்த பதில், "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்பதுதான். இதற்கும் கோயில் பூசாரி "சாமி உத்தரவு கொடுக்கவில்லை" என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்த யந்திரம் செய்கிற காரியம் இன்னதென்று நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத வரையில்தான் அது சாமி. ஆயிரக்கணக்கான எக்ஸ்ரே படங்களை, "இதில் நோய் உண்டு, இதில் இல்லை" என்று மனிதர்கள் குறித்து அதற்குக் கொடுக்கின்றார்கள். அது அவற்றின் ஒற்றுமை வேற்றுமைகளைக் கணக்காகப் பழகிக்கொண்டு, புதிய படம் ஒன்று வந்தால், பழைய நோய்ப் படங்களை இது எவ்வளவு ஒத்திருக்கின்றது என்று ஒரு எண்ணைப் போடுகின்றது. எந்த எண்ணுக்கு மேல் போனால் ஒருவனைச் சந்தேகிப்பது என்கின்ற கோட்டை யந்திரம் கிழிப்பதில்லை. அதை மனிதன் கிழிக்கின்றான். கோட்டைத் தாழ்த்தினால் நோயில்லாத பலர் வீணாகப் பிடிபடுவார்கள். உயர்த்தினால் நோயுள்ள சிலர் தப்பிவிடுவார்கள். ஆகவே கோட்டை எங்கே போடுவது என்பது, யாருக்கு நஷ்டம் வந்தால் பரவாயில்லை என்கின்ற கேள்வியே தவிர வேறல்ல. சளிப் பரிசோதனைக்கு அனுப்புவதற்காகக் கோட்டைத் தாழ்த்திப் போட்டால் அது வைத்தியம். அதே தாழ்ந்த கோட்டை வைத்துக்கொண்டு வேலையில்லை என்று வெளியே தள்ளினால் அது அயோக்கியத்தனம். படம் ஒன்றே, எண் ஒன்றே, யந்திரமும் ஒன்றே!

உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் வருஷத்தில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் காசநோயைத் தேடுவதற்கு எக்ஸ்ரே படத்தைக் கம்ப்யூட்டரைக் கொண்டு படிக்கலாமென்று அபிப்பிராயம் சொல்லிற்று. தேடுவதற்குத்தான் சொல்லிற்று. சந்தேகம் என்று பிரித்தவர்களுடைய சளியைச் சோதித்துக் கிருமி உண்டா இல்லையா என்று கண்ட பிறகே நோய் என்று சொல்லவேண்டும். ஏனெனில் ஆறிப்போன காசநோயின் தழும்பும் புதிய நோயும் எக்ஸ்ரேயில் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியக்கூடும். இதனால் முன்பு காசநோய் வந்து குணமானவர்களிடத்தில் இந்த யந்திரம் தவறுவது அதிகம். சல்லடையை நீதிபதி ஆசனத்தில் உட்காரவைத்தது ஆஸ்பத்திரி நிர்வாகமேயன்றிச் சல்லடை அல்ல.

நம் பெரியோர்கள் எத்தனையோ காலமாகத் தலையெழுத்து, தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். எழுதியவன் யார், எந்த மையில் எழுதினான், அழித்து எழுத ஏன் முடியாது என்று நாம் கேட்டபோது நாஸ்திகன் என்றார்கள். இப்பொழுது தலைக்குப் பதில் மார்பில் எழுதுகின்றார்கள். யார் எழுதியது என்று கேட்டால், அது கம்பெனியின் தொழில் ரகசியமாம்! பக்கத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுஜர், குரு ரகசியமாய்ச் சொல்லிக்கொடுத்த மந்திரத்தைக் கோபுரத்தின்மேல் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்று வைணவர்கள் ஒரு கதை சொல்லிப் பெருமைப்படுகின்றார்கள். அந்த மந்திரத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்பது வேறு சங்கதி. ஒளித்து வைத்ததை வெளியில் சொன்னதற்காகப் பெருமைப்படுகிறவர்கள், தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒளித்து வைத்திருக்கிற கோட்டைப்பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

உடனே சிலர், "பகுத்தறிவு பேசுகிற நீங்களே விஞ்ஞானத்தை எதிர்க்கலாமா?" என்று கேட்பார்கள். நாம் யந்திரத்துக்கு விரோதிகளல்ல. பெரியம்மை கண்டபோது மாரியாத்தாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றியவர்களிடம், அம்மை குத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி வசவு வாங்கினவர்கள் நாம். 1980-இல் உலகத்திலிருந்தே பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். கூழில் ஒழியவில்லை, ஊசியில் ஒழிந்தது. நாம் ஊசியை ஏற்றது, ஊசி சொன்னது என்பதற்காக அல்ல. குத்தினவர்களையும் குத்தாதவர்களையும் எண்ணிப் பார்க்க முடிந்ததற்காக. இந்தப் புதிய யந்திரத்தினிடம் நாம் கேட்பதும் அந்த எண்ணிக்கையைத்தான்.

அப்படி எண்ணிக்காட்டிய இடமும் நம் நாட்டிலேயே உண்டு. சர்க்கரை வியாதியால் கண்ணின் உட்புறம் கெட்டுப் பார்வை போகாமலிருக்க, கண்ணைப் படம்பிடித்துப் பார்க்கும் ஒரு யந்திரத்தைக் கூகிள் கம்பெனியார் செய்தார்கள். 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 1,28,175 படங்களைக் கொண்டு அதைப் பழக்கியதாகச் சொன்னார்கள். அது போதாதென்று மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம், மனிதர் பார்த்த முடிவையும் யந்திரத்தின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 2019-இல் அச்சிட்டு வெளியிட்டார்கள். கண் டாக்டர்கள் குறைவாகவும் சர்க்கரை வியாதிக்காரர் மிகுதியாகவும் உள்ள நாட்டில் இது வேண்டிய காரியம் என்பதில் நமக்கு ஆக்ஷேபணை சிறிதும் இல்லை. ஆனால் அதே கம்பெனியாரின் யந்திரத்தைச் சயாம் தேசத்து (இப்போது தாய்லாந்து) ஊர்ப்புற ஆஸ்பத்திரிகளில் கொண்டுபோய் வைத்தபோது என்ன நடந்தது? படமெடுக்கும் அறை போதிய இருட்டாக இல்லை. இன்டர்நெட் மெதுவாக ஓடிற்று. எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், தெளிவில்லை என்று யந்திரம் தள்ளிவிட்டது. தள்ளப்பட்டவர்கள் வேலையை விட்டு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு நடக்கவேண்டி வந்தது. யந்திரம் கெட்டிக்காரன்தான், அறையில் திரைச்சீலை இல்லை! இதை மறைக்காமல் 2020-இல் எழுதி வெளியிட்டவர்களும் அந்தக் கம்பெனி ஆராய்ச்சியாளர்களே என்பதை நாம் நியாயமாய்ச் சொல்லவேண்டும். நம் ஒரகடத்து ஆஸ்பத்திரிகளில் எது இப்படி ஒரு கணக்கை வெளியிட்டிருக்கின்றது?

அமெரிக்காவில் செப்சிஸ் என்னும் கொடிய தொற்று வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும் என்று எபிக் கம்பெனியார் விற்ற கணக்கை நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் வைத்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தங்கள் ஆஸ்பத்திரி நோயாளிகளை எண்ணிப் பார்த்து 2021-இல் சொன்னதென்னவென்றால், அந்த நோய் கண்டவர்களில் 67 சதவீதம் பேரை அது கோட்டை விட்டது என்பதாகும். எண்ணிப் பார்ப்பதற்கு முன்னமே வாங்கி மாட்டிவிட்டார்கள்.

இதைவிட நம்மவர் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது இன்னொன்று. எந்த நோயாளிக்கு மேற்கொண்டு தனிக் கவனிப்பு வேண்டும் என்று பொறுக்கி எடுக்க, அமெரிக்காவில் ஒரு கணக்கை வெகுவாய்ப் பயன்படுத்தி வந்தார்கள். அது ஜாதி, நிறம் ஒன்றையும் கேட்கவில்லை. வெகு நியாயமாய்த் தோன்றியது. ஆனால் அது நோயை அளக்காமல், ஒருவருக்கு வைத்தியச் செலவு எவ்வளவு ஆகும் என்பதை வைத்து நோயை அளந்தது. கறுப்பு மக்களுக்கு அங்கே ஏற்கெனவே செலவழிப்பது குறைவு. ஆகவே, செலவு குறைவு, எனவே நோயும் குறைவு என்று யந்திரம் முடிவு கட்டிவிட்டது. 2019-இல் இதைக் கண்டுபிடித்தவர்கள், கணக்கைத் திருத்தினால் தனிக் கவனிப்புப் பெறுகிறவர்களில் கறுப்பு மக்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக ஏறும் என்று காட்டினார்கள். மனு எழுதவேண்டிய அவசியமே இல்லாமல் மனுதர்மம் நடந்திருக்கின்றது பாருங்கள்!

இதை ஒரகடத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும், காண்டிராக்டர் மறுநாள் வராதே என்பான் என்று இருமலை விழுங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறவன் பெயரில் என்ன வைத்தியச் செலவு பதிவாகியிருக்கும்? ஒன்றுமிராது. அத்தகைய பதிவில் பழகிய யந்திரம் அவனைத் திடகாத்திரன் என்று சொல்லும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, தகரக் கொட்டகையில் எட்டுப் பேராய்ப் படுத்து, தமிழும் தெரியாமல் வேலை செய்கிறவன் எந்தப் பதிவில் இருக்கின்றான்?

அன்றியும், எல்லா வியாதிக்கும் நுண்ணறிவு தேவை என்பதும் ஒரு புரட்டே. 2021 டிசம்பரில் இந்தப் பகுதி பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் செய்யும் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டினால் வாந்தி பேதி கண்டு 150 பேருக்குமேல் வைத்தியம் பெறவேண்டி வந்ததையும், தோழிகள் இறந்துவிட்டார்களோ என்று பயந்து ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்ததையும் நாம் மறக்கவில்லை. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் விதிப்படி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியாரே பிறகு ஒப்புக்கொண்டார்கள். அங்கே வேண்டியிருந்தது நல்ல தண்ணீர், காற்றோட்டம், சமையற்கட்டைத் திறந்து பார்க்க ஒரு கண். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கையுள்ள விடுதியைத் திறந்தார்கள். இதுவும் வைத்தியம்தான். இதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் சூடம் கேட்கவில்லை.

காசநோயிலேயே ஒரு நல்ல உதாரணம் சொல்லுகின்றோம். 2022 முதல் தமிழ்நாட்டுச் சர்க்கார் "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" என்று நடத்தி வருகின்றார்கள். நோயாளியின் உயரத்துக்கேற்ற எடை உண்டா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வேகம் என்ன, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, பிடிக்காமல் நிற்க முடிகின்றதா என்று ஊழியர் பார்த்து, மோசமானவரை உடனே படுக்கையில் சேர்க்கின்றார்கள். இந்தப் பாடத்தை நடத்திய பிறகு, 2025-இல், யாருக்கு இறக்கும் அபாயம் அதிகம் என்று கணித்துச் சொல்லும் கணக்கையும் அதோடு சேர்த்தார்கள். அந்தக் கணக்கு நம் தமிழ்நாட்டு நோயாளிகளின் விவரத்திலிருந்து பிறந்தது. அது எண்ணைப் போட்டதும் நோயாளியை வெளியே தள்ளுவதில்லை, உள்ளே சேர்க்கின்றார்கள். மேலே சொன்ன ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் உள்ள பேதம் இவ்வளவுதான். ஆனால் ஒருவனுக்கு அது வேலைக்கும் பட்டினிக்கும் உள்ள பேதம்.

இன்னொரு வேடிக்கை. இ.எஸ்.ஐ. ஏற்பாட்டில் காசநோய் கண்ட தொழிலாளிக்கு, போதிய காலம் சந்தா கட்டியிருந்தால், கூலியில் 80 சதவீதம் இரண்டு வருஷம் வரையில் கொடுக்க இடமிருக்கின்றது. அதாவது நோய் வந்தால் காப்பாற்று என்பது ஏற்பாடு. ஆனால் நோய் வந்து போனவனையே வாசலில் நிறுத்திவிட்டால், அவன் சந்தாக் கட்டவும் மாட்டான், கேட்கவும் மாட்டான். முதலாளிக்கும் காண்டிராக்டருக்கும் இதில் லாபம் இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா?

டாக்டர்கள் மட்டும் தவறு செய்வதில்லையா என்று கேட்கலாம். செய்கின்றார்கள், நிறையச் செய்கின்றார்கள். ஆனால் டாக்டருக்குப் பெயர் இருக்கின்றது, பதிவு நம்பர் இருக்கின்றது, கோர்ட்டுக்கு இழுக்கலாம். யந்திரத்தைக் கைகாட்டுகிற இடத்தில் எல்லோரும் தப்பிவிடுகின்றார்கள்: விற்றவன், அது யோசனைதான் சொல்லும் என்கின்றான், வாங்கினவன், அது சொல்லிவிட்டது என்கின்றான். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-இல் இதற்கென்றே நெறிமுறை வெளியிட்டு, மனிதரின் மேற்பார்வையும் பொறுப்பும் வேண்டும் என்று எழுதியிருக்கின்றது. நெறிமுறை அலமாரியில் இருக்கின்றது. தொழிலாளி ரோட்டில் நிற்கின்றான். "சம்மதம்" என்று அவனிடம் கையெழுத்து வாங்குகிற காகிதமோ இங்கிலீஷில் இருக்கின்றது; அதன் அடியில் அவன் எக்ஸ்ரே யார் யாருக்குப் போகும் என்பதும் இருக்கக்கூடும். படித்துக் காட்டியவர் யார்?

ஆகவே ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் தோழர்களுக்கு நாம் சொல்வது: பரிசோதனைக்குப் போகும்போது யந்திரம் பார்த்ததா என்று கேளுங்கள். பார்த்ததென்றால், அதன் எண் என்ன, கோடு எங்கே, கோட்டைப் போட்டவர் யார், கையெழுத்துப் போடும் டாக்டர் யார் என்று தமிழில் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால், மறுத்ததை நாளும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கவேண்டும்.

அந்த வாலிபரை நாம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். சளியைச் சோதித்தார்கள், கிருமி இல்லை. டாக்டர் ஒருவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது பழைய தழும்பு" என்று ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு திரும்பிப் போவதற்குள் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இடத்தில் வேறு ஆள் போட்டாய்விட்டது என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார். இரண்டு சீட்டுகளும் நம்மிடம் இருக்கின்றன. வாலிபரின் சம்மதத்தின் பேரில், பெயரை மறைத்து, வந்து கேட்பவர்களுக்குக் காட்டுவோம்.