நாகதாளிப் பழம்: உண்ணலாம், நடலாகாது

மன்னார், அம்பாந்தோட்டை முதலிய வறண்ட கரையோரப் பகுதிகளில் நாகதாளி தானாகவே வளர்ந்து நிற்கின்றது. அதன் கருஞ்சிவப்புப் பழத்தைச் சிலர் முட்பழமென ஒதுக்குகின்றனர். வேறு சிலர் சகல பிணிகளையும் தீர்க்கும் மருந்தெனப் புகழ்கின்றனர். இவ்விரண்டும் பொருந்தாக் கருத்துகளாகும்.

நறுக்கிய கத்தரிக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பது ஒட்சியேற்றத்தினாலாகும். மனித உடலிலும் உணவிலிருந்து சக்தி பெறப்படும்போது, தாக்குந் தன்மையுள்ள ஒட்சிசன் கூறுகள் தோன்றுகின்றன. இவை அளவு மீறினால் உடற்கலங்களிலுள்ள கொழுப்பும் புரதமும் சேதமடையும். இச்சேதத்தைத் தடுப்பவை ஒட்சியேற்ற எதிர்ப்பொருள்கள் எனப்படும். நாகதாளிப் பழத்தில் விற்றமின் சி, பிளேவனொயிட்டுகள், பீற்றலெயின் என்னும் நிறப்பொருள் ஆகியன உள. பீற்றூட் கிழங்கைச் சிவக்கச் செய்வதும் இந்நிறப்பொருளே.

இத்தாலியின் சிசிலித் தீவில் பயிரிடப்படும் நாகதாளி இனத்தின் பழம் பற்றிய ஆராய்ச்சியொன்று 2004 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயற்ற 18 பேர் நாளுக்கு இருமுறை, முறைக்கு 250 கிராம் வீதம், இரு கிழமைகள் அப்பழத்தை உண்டனர். அவர்களின் உடலில் ஒட்சியேற்றச் சேதத்தின் அடையாளங்கள் குறைந்தன. விற்றமின் சி மாத்திரம் உட்கொண்டபோது அத்தகைய குறைவு காணப்படவில்லை. ஆகவே, பழத்திலுள்ள ஏனைய பொருள்களுக்கும் இதிற் பங்குண்டெனக் கருதப்படுகின்றது. எனினும், இங்கு காடாய் வளர்வது வேறோர் இனம். மேலும், அவ்வாராய்ச்சி எந்நோயையும் தீர்த்துக் காட்டவில்லை. எனவே, நீரிழிவு முதலிய நோயுள்ளோர் இப்பழத்தை நம்பி மருந்தைக் கைவிடுதல் ஆபத்தாகும்.

பழத்தை இடுக்கியாற் பறித்து, நுண்முட்களை நெருப்பில் வாட்டிப் போக்கி, தோலை உரித்துச் சாற்றை வடித்துப் பருகுவது நன்று. விதைகளை மிகுதியாக விழுங்கினால் மலச்சிக்கல் உண்டாகும். நெடுநேரம் கொதிக்கவைத்தால் நிறப்பொருள் சிதைந்துவிடும்.

பழம் நல்லதென்பதற்காக நாகதாளியை வேலியிலோ மேட்டுநிலத்திலோ நடுவது அறிவுடைமையாகாது. ஒரு மடல் மண்ணில் விழுந்தாலும் வேரூன்றும். பழமுண்ணும் விலங்குகள் விதையைத் தொலைவிடங்களிலும் பரப்பும். பூந்தல தேசிய வனத்தில் இக்கள்ளி பரவி, இயற்கைத் தாவரங்களை நெருக்கி வருகின்றது. இலங்கையில் இதனை அடக்குவதற்கென 1920 ஆம் ஆண்டுகளில் கொச்சினீல் பூச்சி வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. முன்னோர் அரும்பாடுபட்டு அடக்கிய களையை, சிறு இலாபங் கருதி மீண்டும் பரப்புவது அயற்கமக்காரருக்கு இழைக்கும் தீங்காகும்.

நிற்கும் செடியின் பழத்தை உண்பதில் தவறில்லை. ஆனால், வெட்டிய மடல்களை வாய்க்காலிலோ வெளியிலோ வீசலாகாது. அந்நிறப்பொருளை நாடுவோர் பீற்றூட்டைப் பயிரிடலாம். அதில் ஒரு பங்கைச் சந்தைக்கு அனுப்பாது தம் பிள்ளைகளின் உணவிற்கென ஒதுக்குவதே கமக்காரருக்கு உகந்த வழியாகும்.