ஹவ்ளை உடைக்க முன் அதன் ஓரத்தில் ஒரு தரம் உட்காருவோம்



பள்ளிவாசலைத் திருத்தப்போகிறோம் என்றால் நமது ஊர்களில் முதலில் உடைபடுவது ஹவ்ள்தான். வெளிநாட்டிலிருந்து யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு போட்டோ, ஒரு மேசன் பாஸ், ஒரு டைல்ஸ் கடை. பிளான் ரெடி! இருந்ததில் எது நல்லது, எது பிழை என்று யாரும் பார்ப்பதில்லை. கைதட்டிக் காசு கொடுத்த நாங்களும்தான் பார்க்கவில்லை.

வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது வேறு. புதிதாக ஒன்றை வடிவமைக்க முன் இருப்பதை ஆராய வேண்டும். யார் பாவிக்கிறார்? எங்கே கஷ்டப்படுகிறார்? பழுதானால் யார் திருத்துவார்? பிள்ளை இதை எழுதாவிட்டால் புள்ளியைக் குறைக்கிறோம். ஊர்க்காசில் கட்டும்போது மட்டும் அந்தப் பாடம் நமக்கு இல்லையா?

சரி, ஹவ்ளையே எடுத்துக்கொள்வோம். தேவையான அளவுதான் கை அள்ளும். கரண்ட் போனாலும் வுழூச் செய்யலாம். குல்லதைன் அளவுக்கு மேல் தண்ணீர் நிற்பதால், நிறம், மணம், சுவை மாறாதவரை நஜீஸாகாது என்ற பிக்ஹுச் சட்டமும் அந்தக் கட்டுமானத்துக்குள் இருக்கிறது. குறையும் உண்டு. பல கைகள் படும் தண்ணீர். கவனிக்காவிட்டால் நுளம்பு பெருகும். முழங்கால் வருத்தக்காரர் குந்தி எழும்ப முடியாது.

பைப் வந்தது. தண்ணீர் சுத்தம். ஆனால் தலையை மஸ்ஹு செய்யும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. உயரத்தில் பூட்டினால் சாரன் நனைகிறது. மினுங்கும் டைல்ஸில் வயசாளி வழுக்குகிறார். ஒரு முத்துத் தண்ணீரில் வுழூச் செய்த நபியின் உம்மத் நாம். முத்து என்பது இரு கையும் சேர்த்து அள்ளும் அளவு. ஒரு வக்துக்கு நமது பைப்புக்குக் கீழே ஒரு வாளியை வைத்துப் பார்ப்போமா?

“பழசைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்” என்பார்கள். இல்லை. ஹவ்ளும் வேண்டாம், இந்தப் பைப்பும் வேண்டாம் என்றுகூட முடிவு வரலாம். உட்காரக் கல், பிடிக்கக் கம்பி, சொரசொரப்பான தரை, மெதுவாக வரும் தண்ணீர், வழியும் தண்ணீர் தென்னைக்குப் போக ஒரு கான். இவையெல்லாம் பழையதன் குறையைப் பார்த்தவனுக்கு வரும் யோசனைகள். போட்டோ பார்த்தவனுக்கு டைல்ஸின் நிறம் மட்டும்தான் வரும்.

ஆகவே நிர்வாகத்தில் உள்ள சகோதரர்களிடம் நமது கோரிக்கை இதுதான்: அடுத்த பிளானுக்குக் கையெழுத்து வைக்க முன் ஒரு ளுஹருக்கு அந்த இடத்தில் உட்காருங்கள். கூட்டிக் கழுவும் முஅத்தினிடம் கேளுங்கள். கைத்தடியோடு வரும் மூத்தவாப்பாவிடம் கேளுங்கள். எங்கள் பிள்ளைகளையும் கொப்பியோடு அனுப்புகிறோம்.

ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த பிறகு டைல்ஸை மாற்றுவது வடிவமைப்பல்ல, கைசேதம்.