எச்சரிக்கை ஒலிக்கிறது, செவிகொடுப்பவர் யார்?

கடந்த மாதம் ஓர் இரவுப் பணியின்போது, மேசைமீது நான் கவிழ்த்து வைத்திருந்த நாவலைத் தாய்க்குத் துணையிருந்த மகள் ஒருவர் பார்த்துவிட்டார். "டாக்டர், நீங்களும் கதைப் புத்தகம் படிப்பீர்களா? அதுவும் ரோபோ கதையா?" என்று வியப்போடு கேட்டார். அவ்வேளையில் அழைப்பு மணி ஒலித்ததால் விடை சொல்ல இயலவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

அறிவியல் புனைவும் மாயப் புனைவும் நடப்பிலிருந்து தப்பியோட விரும்புவோர்க்கே உரியவை என்றோர் எண்ணம் பரவலாக உண்டு. நான் அண்மையில் படித்த மூன்று நாவல்களும் என்னை எங்கும் தப்பியோட விடவில்லை. மூன்றும் நோயாளியின் படுக்கை அருகிலேயே கொண்டுவந்து நிறுத்தின.

முதலாவது, ஆர்தர் சி. கிளார்க் 1979இல் வெளியிட்ட 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. கிளார்க் நம் கடலின் அக்கரையில் வாழ்ந்தவர். 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் தம் 90ஆம் வயதில் கொழும்பில் மறைந்தார். போலியோவின் பின்விளைவால் இறுதிக் காலத்தைச் சக்கர நாற்காலியில் கழித்தார். இந்நாவலில் அவர் இலங்கையைப் பூமத்தியரேகை வரை தெற்கே நகர்த்தி, அதன் மலையுச்சியிலிருந்து விண்வெளி வரை ஒரு மின்தூக்கி எழுப்புகிறார். 2025இல் திறக்கப்பட்ட பாம்பன் புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட்டுச் செங்குத்தாக எழுவதைப் பார்த்த நமக்கு, இக்கற்பனை அத்தனை அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் என் மனம் நின்றது அந்தத் தூக்கியில் அன்று. அதைக் கட்டும் பொறியாளர் மார்கன் மார்பில் அணிந்திருக்கும் சிறு கருவியில். அவர் இதயம் தடுமாறினால் அது குரல் கொடுத்து எச்சரிக்கும். நடுவழியில் சிக்கியவர்களுக்கு உயிர்காக்கும் பொருள்களைக் கொண்டு செல்லும் மார்கன், அக்குரலையும் மீறி உடலை வருத்துகிறார். அவர்கள் பிழைக்கிறார்கள், திரும்பும் வழியில் அவர் இறந்துவிடுகிறார். கிளார்க்கின் மாந்தர்கள் பொதுவாகச் சற்று உணர்ச்சி குன்றியவர்கள் என்பது என் குறை. ஆயினும் இந்த இறுதிப் பகுதி என்னை உலுக்கியது.

மார்கன் பிறரைக் காக்க எச்சரிக்கையை மீறினார். நம்மில் பலர் எவரையும் காக்க மீறுவதில்லை. "வாயுப்பிடிப்புதான்" என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கிறார்கள். நடுமார்பில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவையும் அக்கருவியின் குரலுக்கு ஒப்பானவையே. நீரிழிவு உள்ளோர்க்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிந்துகொண்டிருக்கிறது. உடனே 108ஐ அழையுங்கள்.

இரண்டாவது, அன்று என் மேசைமீது இருந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது பலர் வாரந்தோறும் காத்திருந்து படித்த கதை. அதில் வரும் எதிர்கால இந்தியாவில் குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். ஒருவர் எவ்வளவு காலம் வாழலாம் என்பதையும் அரசே முடிவு செய்கிறது. காணாமற்போன கணவனைத் தேடும் நிலாவுக்கு உற்ற துணையாவது ஜீனோ என்னும் இயந்திர நாய். கதையின் வேகம் சில இடங்களில் மாந்தர் மனத்தை முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது. ஆனால் ஜீனோவின் குறும்பும் பரிவும் அக்குறையை மறக்கச் செய்கின்றன.

முதியோர்க்கு வயது வரம்பு விதிக்கும் அரசு வெறும் கற்பனை என்று புத்தகத்தை மூட என்னால் முடியவில்லை. சில நாட்களுக்கு முன், கடலில் உழைத்தே முதுமை எய்திய பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து, "எனக்கு எதுக்குய்யா இந்தச் செலவு? பேரன் படிப்புக்கு ஆகும், வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார். அவருக்கு வரம்பு விதித்தது எந்த அரசும் அன்று; அவரே விதித்துக்கொண்டார். வெளியே நின்ற மகனிடம் இதைச் சொன்னேன். அவர் உள்ளே வந்து ஒன்றும் பேசாமல் தந்தையின் கால்மாட்டில் அமர்ந்தார். பெரியவர் அதன்பின் வீட்டுக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவது, மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்'. 1818இல் வெளியானபோது அவருக்கு வயது 20. அவரைப் பெற்ற சில நாட்களில் தாய் பிரசவக் காய்ச்சலால் இறந்தார். அவருடைய முதற்குழந்தையும் பிழைக்கவில்லை. தொடக்கம் கடிதங்களாக நகர்வதால் சற்றுப் பொறுமை வேண்டும். உயிரற்ற உடலுக்கு உயிரூட்டியதே விக்டரின் குற்றம் என்பர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. உயிரூட்டியபின் அதன் தோற்றத்துக்கு அஞ்சி விட்டு ஓடியதே குற்றம். அந்தப் படைப்போடு கனிவாகப் பேசியவர் பார்வையற்ற ஒரு முதியவர் மட்டுமே. அறுவை முடிந்தவுடன் கடமையும் முடிந்தது என்று எண்ணும் மருத்துவர் எவரும் அப்பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

கருவிகள் இனியும் பெருகும். நான் அவற்றை வரவேற்கிறேன். ஆனால் படுக்கையருகே ஒலிக்கும் மானிட்டர் தன் வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. அதன்பின் எழுந்து வரவேண்டியவர்கள் நாம். நள்ளிரவில் தாயின் மூச்சொலி மாறியதை முதலில் உணர்ந்து செவிலியரை அழைத்தவர், என் புத்தகத்தைக் கண்டு வியந்த அதே மகள்தான். தாயார் நலமடைந்து வீடு திரும்பிவிட்டார்.

காத்திருக்கும் பொழுதில் நீங்கள் படிக்கும் புத்தகம் எதுவானாலும், நான் வார்டுக்கு வரும்போது சொல்லுங்கள். மறுமுறை விடை சொல்லாமல் போகமாட்டேன்.