பாட்டுக்கு மேடை உண்டு. பாடினவருக்கு வீடு இல்லை

ஒரு நகரத்தில் கால் வைக்குமுன்னரே அந்நகரத்தைப் புகழ்ந்து பாட்டுக் கட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதரின் வரலாற்றை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். வரலாறு பழையது, ஆயினும் அதில் அடங்கிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

1948-ம் வருஷம் ஜூன் மாதம் 22-ம் தேதி, லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டில்பரித் துறைமுகத்தில், ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பலினின்று மேற்கிந்தியத் தீவினர் பல நூற்றுவர் இறங்கினர். அவர்களுள் ஒருவர் டிரினிடாட் தீவைச் சேர்ந்த ஆல்ட்வின் ராபர்ட்ஸ். அப்பொழுது அவருக்கு வயது 26. செய்திப்படம் எடுக்க வந்த பாதே கம்பெனியார் அவரைப் பாடும்படி கேட்டனர். பக்கவாத்தியம் ஏதுமின்றி அவர் பாடினார். உலகில் பல தேசங்களைக் கண்டும் தமக்கு உகந்த இடம் லண்டன்தான் என்பது அப்பாட்டின் சாரம். கப்பல் கரையை நெருங்கும் நாட்களில், தாய்நாட்டை அடையப்போகிறோம் என்ற உவகையில் இயற்றியது அது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

அதே தினத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. தொழிற்கட்சியைச் சேர்ந்த பார்லிமெண்டு அங்கத்தினர் 11 பேர் பிரதம மந்திரி ஆட்லிக்கு ஒரு கடிதம் எழுதினர். இத்தகையோர் வந்து குடியேறுவதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பிரிட்டிஷ் பிரஜைகள் தடையின்றி வந்து சேர்வது நெடுநாளைய மரபு என்று ஜூலை 5-ம் தேதி ஆட்லி பதில் எழுதினார். துறைமுகத்தில் பாட்டு, பார்லிமெண்டில் மனு. இவ்விரண்டும் ஒரே நாளில் பிறந்தன என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பின்னர் நடந்தவையெல்லாம் இவ்விரண்டின் வழக்கே.

இந்த ராபர்ட்ஸ் யார்? அரிமா என்னும் ஊரில் ஒரு கொல்லருடைய மகன். பேச்சில் திக்குவாய், பாட்டிலோ தடையில்லை. தகப்பனார் இறந்தபோது அவருக்கு வயது 14. தண்ணீர்க் குழாய் பதிக்கும் கூலிகள் களைப்பறியாமல் வேலை செய்யும்படி கிடார் வாசிப்பதே அவர் செய்த முதல் உத்தியோகம். பிறகு தலைநகரான போர்ட் ஆப் ஸ்பெயினுக்குச் சென்று ‘கலிப்ஸோ’ பாடுவோர் வரிசையில் இடம் பெற்றார்.

கலிப்ஸோ என்பது அத்தீவின் நாட்டுப் பாடல். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் வளர்த்த கலை. காதல் முதல் கவர்னர் வரையில் எல்லாம் அதற்குப் பொருள். நம் நாட்டில் வெள்ளம் வந்தாலும், ரெயில் கவிழ்ந்தாலும், கொலை வழக்கு நடந்தாலும் உடனே சிந்து பாடிச் சிறு புத்தகமாக்கிச் சந்தையில் விற்ற புலவர்களை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பத்திரிகை வாங்கக் காசில்லாதவனுக்குப் பாட்டே பத்திரிகை. ஆதலின் 1930-களில் அத்தீவின் சர்க்கார் அப்பாட்டுகளையும் தணிக்கைக்கு உட்படுத்தினர். பாடகர்களோ பிரபுக்கள், சேனாதிபதிகள் ஆகியோரின் பட்டங்களைத் தாமே சூட்டிக்கொண்டு மேடை ஏறினர். ராபர்ட்ஸுக்கு வாய்த்த பட்டம் ‘லார்டு கிச்சனர்’. 1902 முதல் 1909 வரை இந்தியாவில் பிரதம சேனாதிபதியாக இருந்து, கர்ஸனோடு மல்லாடிய கிச்சனரின் பெயரே அது. ஏகாதிபத்தியத்தின் பெருந்தளபதி பெயரை ஏழைக் கொல்லன் மகன் தரித்துக்கொண்டு பாடியதில் உள்ள நகைச்சுவை நம்மவர்க்கு நன்கு விளங்கும்.

லண்டனில் அவர் வாழ்வு எப்படி நடந்தது? முதலில் அவர் பாடியவை சாராயச் சாவடிகள். அவருடைய ஆங்கிலம் அங்குள்ள ஆங்கிலேயருக்குப் பிடிபடவில்லை. எனினும் இரண்டு வருஷத்துக்குள் பி.பி.ஸி. வானொலியில் பாடுபவராகவும், இரவு விடுதிகள் போட்டியிட்டு அழைப்பவராகவும் ஆனார். மெலோடிஸ்க் என்னும் கம்பெனியார் அவருடைய பாட்டுகளை இசைத்தட்டுகளாக வெளியிட்டனர். அத்தட்டுகள் மேற்கு ஆப்பிரிக்காவரை சென்றன. 1950-ம் வருஷம் ஜூன் 29-ம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவினர் 326 ஓட்டங்களால் இங்கிலாந்தை வென்றனர். இங்கிலாந்து மண்ணில் அவர்கள் பெற்ற முதல் டெஸ்டு வெற்றி அது. கிச்சனர் கிடாரைத் தூக்கிக்கொண்டு முன் செல்ல, அவருடைய நாட்டார் மைதானத்தைச் சுற்றி ஆடிப் பாடினர்; பிறகு பிக்காடில்லிச் சதுக்கம் வரையில் ஊர்வலம் போயினர். உடன் கப்பலேறி வந்த ‘லார்டு பிகினர்’ என்பவர் குரலில் அவ்வெற்றியின் பாட்டு இன்றும் ஒலிக்கிறது. அப்பந்தயத்தில் 11 விக்கெட்டுகளை வீழ்த்திய ராமதீன், ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட் சென்ற இந்தியரின் வழியில் வந்தவர். 1845 முதல் 1917 வரை நம் தேசத்திலிருந்து அத்தீவுக்கு ஏற்றப்பட்டவர் ஒரு லட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேல். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவரும் அவர்களுள் உண்டு. ஆகவே இவ்விஷயம் நமக்கு அயலாருடைய சங்கதி மட்டும் அன்று.

மேடையில் இவ்வளவு வரவேற்பு. மேடையைவிட்டு இறங்கிய பின்னர்? அதற்கும் அவருடைய பாட்டுகளே சாட்சி. கப்பலில் வந்தோருள் தங்க இடமில்லாத 200-க்கு மேற்பட்டோரைக் கிளாப்பம் என்னுமிடத்தில், யுத்தகாலத்தில் குண்டுக்கு அஞ்சி ஒளிவதற்காகத் தோண்டிய பாதாள அறைகளில் படுக்க வைத்தனர். வெளியே வந்து வீடு தேடினவர்களுக்கு ஜன்னல்களிலே தொங்கிய அட்டைகள் பதில் சொல்லின. கறுப்பருக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவைப்பதற்கு அக்காலச் சட்டத்தில் தடை கிடையாது. 1952-ம் வருஷத்தை ஒட்டிக் கிச்சனர் பாடிய பாட்டொன்றுக்குப் பொருள், குடிக்கூலியைத் தவறாமல் வாங்கிக்கொண்டு குடியிருப்பவரை வதைக்கும் வீட்டுக்காரி. இன்னொன்று, விட்டு வந்த ஜமெய்க்காவை நினைத்து ஏங்குவது. 1953-ல் வெளிவந்த மற்றொன்று, கலப்பு நிறத்தார் தம்மை வெள்ளையர் என்று எண்ணி ஏமாறுவதைச் சாடுவது: வெள்ளையன் அல்லாதவன் எவனாயினும் கறுப்பனே என்பது அதன் தீர்ப்பு. டில்பரியில் பாடிய வாயும் இதுவே. நான்கைந்து வருஷங்களில் பாட்டின் பொருள் எவ்வளவு தூரம் மாறிவிட்டது! பாடியவர் நன்றி மறந்தவர் அல்லர். கண்டதைப் பாடினார், அவ்வளவே.

1958-ல் நாட்டிங் ஹில் பகுதியில் கும்பல்கள் மேற்கிந்தியர் குடியிருந்த வீடுகளைத் தாக்கின. 1962-ம் வருஷத்துச் சட்டத்தால், 1948-ல் 11 பேர் கேட்ட தடை வந்து சேர்ந்தது. அவ்வருஷம் ஆகஸ்டு 31-ம் தேதி டிரினிடாட் சுதந்திரம் அடைந்தது. அவ்வருஷத்திலேயே கிச்சனரும் தாய்த்தீவுக்குத் திரும்பினார். அங்கே திருவிழாக் காலத்தில் தெருவெல்லாம் முழங்கும் பாட்டுக்குரிய பரிசைப் பத்து முறை பெற்று, 2000-ம் வருஷம் பிப்ரவரியில் காலமானார். திரும்ப ஓர் ஊரும், எதிர்பார்த்து நிற்கும் மேடையும் அவருக்கு இருந்தன. ஆனால் உடன் வந்தோரில் பெரும்பாலோருக்கும், பின்னால் பிள்ளைகளாய் வந்து சேர்ந்தவர்களுக்கும் லண்டனே ஊராகிவிட்டது. பஸ் ஓட்டினர், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பேணினர், வரி செலுத்தினர், முதுமை அடைந்தனர்.

இனி வழக்குக்கு வருவோம். உரிமை வேறு, உரிமைக்கு அத்தாட்சி வேறு என்பது சட்டம் பயின்றோர் அறிந்தது. 1973-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த குடியேற்றச் சட்டம், அதற்குமுன் பிரிட்டனில் குடியமர்ந்துவிட்ட காமன்வெல்த் பிரஜைகள் காலவரையின்றி அங்கே வாழலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அவ்வாறு உரிமை பெற்றவர் யார் யார் என்று சர்க்கார் ஜாபிதா வைக்கவில்லை. அவர்கள் கையில் ஒரு காகிதமும் கொடுக்கவில்லை. நாற்பது வருஷம் ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே ஒருவரும் தேடவுமில்லை. அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டும் பழைய துறைமுகச் சீட்டுகள் மட்டும் உள்நாட்டு இலாகாவின் கட்டடம் ஒன்றில் கிடந்தன. 2010-ல் அக்கட்டடத்தைக் காலி செய்தபோது அவற்றை அழித்துவிட்டனர்.

அதன் பின்னரே கேள்வி எழுந்தது. குடியேறியோர்க்கு ‘விரோதமான சூழ்நிலை’யை உண்டாக்குவதே தமது கொள்கை என்று 2012-ல் அன்றைய உள்நாட்டு மந்திரி தெரேஸா மே அறிவித்தார். 2014-ம் வருஷத்துச் சட்டம் வீட்டுக்காரர்களையே சோதனை அதிகாரிகளாக்கியது. வாடகைக்கு வருபவரின் பத்திரங்களைப் பார்க்காமல் வீடு விட்டால் வீட்டுக்காரருக்கு அபராதம். 2016 பிப்ரவரியில் இவ்விதி இங்கிலாந்து முழுமைக்கும் வந்தது. வீட்டு விஷயத்தில் நிறபேதம் கூடாதென்று சட்டம் வந்தது 1968-ல். அதற்கு முன் வீட்டுக்காரி தன் துவேஷத்தால் கதவைச் சாத்தினாள். 2014-க்குப் பிறகு சர்க்கார் கட்டளையால் கதவு சாத்தப்பட்டது. கிச்சனர் பாட்டில் நகைப்புக்கு இடமான வீட்டுக்காரி, ராஜாங்க உத்தியோகம் பெற்றுவிட்டாள்!

விளைவு என்ன? ஐம்பது வருஷம் வாழ்ந்தவர்களிடம் ஒவ்வொரு வருஷத்துக்கும் அத்தாட்சி கொண்டுவா என்றனர். கொண்டுவர இயலாதவர்கள் வேலை இழந்தனர், வீடு இழந்தனர், ஆஸ்பத்திரியிலே சிகிச்சை மறுக்கப்பட்டனர், சிலர் சிறை வைக்கப்பட்டனர், தவறாக நாடு கடத்தப்பட்டவர் குறைந்தது 83 பேர். தன் கையிலிருந்த சாட்சியத்தைத் தானே அழித்த ஒரு கட்சி, எதிர்க்கட்சியை நோக்கிச் சாட்சியம் எங்கே என்று கேட்குமாயின், எந்த நியாயஸ்தலம் அதனைப் பொறுக்கும்?

2018 ஏப்ரலில் உண்மை வெளியாயிற்று. அப்பொழுது பிரதம மந்திரியாக இருந்த மே மன்னிப்புக் கேட்டார். உள்நாட்டு மந்திரி ஆம்பர் ரட் ராஜிநாமாச் செய்தார். 2019-ல் நஷ்டஈட்டுத் திட்டம் திறக்கப்பட்டது. 2020 மார்ச்சில் வெண்டி வில்லியம்ஸ் அம்மையாரின் விசாரணை அறிக்கை 30 யோசனைகளைக் கூறிற்று. எல்லாவற்றையும் ஏற்றதாகச் சொன்ன சர்க்கார், 2023 ஜனவரியில் சிலவற்றைக் கைவிட்டனர். அவ்விதம் கைவிட்டதில் சட்டவிரோதம் உண்டென்று 2024 ஜூனில் லண்டன் ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. இதற்கிடையே நஷ்டஈடு கைக்கு எட்டுமுன் கண் மூடினோர் பலர்.

சர்க்காரின் கட்சியில் நியாயமே இல்லையா என்று கேட்கலாம். எந்தச் சுதந்திர தேசத்துக்கும் தன் எல்லைக்குள் யார் வரலாம் என்று விதிக்க அதிகாரம் உண்டு. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வரும் வாசலைக் காப்பது வேறு. ஒருகாலத்தில் உரிமையோடு உள்ளே வந்து முதுமை எய்தியவரை, வரவுச் சீட்டு இல்லை என்று வெளியே தள்ளுவது வேறு. முன்னது ராஜ்ய தர்மம். பின்னது வாக்குத் தவறுதல்.

கலைக்கு மட்டும் குறைவில்லை. 2014-ல் வெளியான ‘பாடிங்டன்’ என்ற திரைப்படத்தில் கிச்சனரின் லண்டன் பாட்டு மீண்டும் பாடப்பட்டது. பெரு தேசத்திலிருந்து திருட்டுக் கப்பலேறி வந்த ஒரு கரடிக்குட்டி, பத்திரம் ஏதுமின்றி, லண்டனில் அன்பான வீடொன்றை அடைவதே அப்படத்தின் கதை. குழந்தைகள் மகிழ்ந்தனர். வீட்டுக்காரர்கள் பத்திரம் கேட்க வேண்டுமென்ற சட்டம் நிறைவேறியதும் அதே வருஷந்தான்! 2022 ஜூன் 22-ல் வாட்டர்லூ ரெயில் நிலையத்தில் விண்ட்ரஷ் மக்களுக்கு ஞாபகச் சின்னம் திறக்கப்பட்டது. பெட்டிகளின்மேல் ஒரு புருஷனும் ஸ்திரீயும் குழந்தையும் நிற்கும் சிலை அது. சிலையிடம் எவரும் பத்திரம் கேட்பதில்லை.

ஒரு மாநகரம் தன்னிடம் வந்தவரை எவ்வாறு நடத்துகிறது என்பதை அதன் நாடகசாலையில் அறிய முடியாது. பாட்டைக் கேட்டுக் கைதட்டுவது எளிது. காசு கொடுத்தவன் அரை மணி நேர இன்பத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். பாடினவர் எந்த வீட்டுக்குத் திரும்புகிறார் என்பதே பரீட்சை. லண்டன் அந்தப் பரீட்சையில் இரு முறை தவறிற்று: 1948-ல் வீட்டுக்காரியின் வாயிலாக, 2014-ல் சட்டத்தின் வாயிலாக.

பரிகாரம் அரிதன்று. தஸ்தாவேஜுகளை அழித்தவர் சர்க்கார். ஆதலின் ருசுப்பிக்கும் பாரத்தைச் சர்க்காரே சுமக்க வேண்டும். வீட்டுக்காரரைக் காவல்காரராக்கும் விதியை நீக்க வேண்டும். முதியோர்க்குரிய பணத்தை அவர்கள் உயிரோடிருக்கும்போதே கொடுத்துத் தீர்க்க வேண்டும். லண்டனே உகந்த இடம் என்று ஓர் இளைஞர் டில்பரியில் பாடியது புகழ்ச்சி என்று எண்ணிக் கேட்டு மகிழ்ந்தனர். உண்மையில் அது ஒரு பிரஜை தன் அரசிடம் ஒப்புவித்த நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குரிய கடன் இன்னும் அடைபடவில்லை.